நூலகர் என்று யாரைச் சொல்வது? பேராவில் இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

தமிழ்ப்பள்ளியில் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. காலையில் கணிதம் சொல்லித் தருவார். ஓய்வு நேரத்தில் சாவிக்கொத்தோடு வந்து வள மையத்தைத் திறப்பார். உங்க நீலாம் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். புதுப் புத்தகம் வந்தால் முதுகில் எண் ஒட்டுவதும் அவர்தான், கரையான் வந்தால் மருந்தடிக்க ஆள் தேடுவதும் அவர்தான். அவர் நூலகரா?

இன்னொருவர் தகவல் மேலாண்மையில் பட்டம் வாங்கியவர். ஒரு நூலகத்தின் முகப்பில் ஒப்பந்த ஊழியராக உட்கார்ந்து, திரும்பி வரும் புத்தகங்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அவர் நூலகரா?

இரண்டு கேள்விக்கும் மலேசியாவில் ஒரே பதில்தான்: அதைச் சொல்ல இங்கே சட்டம் எதுவும் இல்லை. இந்தத் துறையில் கேட்கும் மனக்குறைகளில் பாதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சட்டம் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

கவுன்செலர் வேலையை எடுத்துக்கொள்வோம். 1998ஆம் ஆண்டு கவுன்செலர் சட்டம், அதாவது சட்டம் 580, வந்த பிறகு வாரியத்தில் பதிவு செய்யாமல் ஒருவர் தன்னைக் கவுன்செலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய முடியாது. பொறியாளர்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவர், வழக்கறிஞர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நூலகர்களுக்கு அப்படிப் பதிவு வாரியம் கிடையாது, உரிமமும் கிடையாது. ஒரு தனியார் கல்லூரி யாரை வேண்டுமானாலும் ‘நூலகர்’ என்று அழைக்கலாம். முதுகலை முடித்த ஒருவரை வேறு பெயரில் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தட்டிக் கேட்க வாரியமே இல்லை.

மலேசிய நூலகர் சங்கம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பிபிஎம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சங்கத்தின் வேர் 1955 வரை போகிறது. கருத்தரங்கு, பயிற்சி, ஆய்விதழ் எல்லாம் உண்டு. சேர்ந்தால் ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதன் உறுப்பினர் அட்டை உரிமம் ஆகாது.

எல்லா நாடும் இப்படியில்லை. பக்கத்திலேயே பிலிப்பைன்ஸ் 1990இல் நூலகர்களுக்கான சட்டத்தை இயற்றியது. பின்னர் அதைப் புதுப்பித்தும் விட்டது. அங்கே உரிமத் தேர்வு எழுதித் தேறினால்தான் நூலகர். பிரிட்டனில் உரிமம் இல்லை, ஆனால் சிலிப் என்ற தொழில்முறை அமைப்பு தனிநபரின் வேலையை மதிப்பிட்டு ‘சார்ட்டர்டு’ தகுதி தருகிறது. அமெரிக்காவில் நூலகச் சங்கமான ஏஎல்ஏ ஆளை அங்கீகரிப்பதில்லை, படிப்பை அங்கீகரிக்கிறது. ஏஎல்ஏ ஏற்ற முதுகலை இல்லாமல் அங்கே பெரும்பாலான நூலகர் வேலைகளுக்கு விண்ணப்பிப்பதே வீண்.

அப்போ இங்கே யார் முடிவு செய்கிறார்கள்?

வேலை கொடுப்பவர்தான். அரசாங்க நூலகம் என்றால் பொதுச்சேவைத் துறையான ஜேபிஏ வகுத்த பணித் திட்டம். அதில் மூன்று படிகள். மேலே ‘புஸ்தகாவான்’, அதாவது நூலகர் (நம்ம ‘புஸ்தகம்’தான் மலாயில் போய் உட்கார்ந்திருக்கிறது). நடுவில் ‘பெனோலோங் புஸ்தகாவான்’, உதவி நூலகர். கீழே நூலகப் பணியாளர். முதலாவதற்குப் பட்டம், இரண்டாவதற்கு டிப்ளோமா, மூன்றாவதற்கு எஸ்பிஎம்.

விளம்பரங்களில் பல ஆண்டுகளாக எஸ்41, எஸ்29, எஸ்19 என்று பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பர் 1 முதல் எஸ்எஸ்பிஏ என்ற புதிய சம்பள முறை வந்ததும் எண்கள் மாறின: எஸ்9, எஸ்5, எஸ்1. பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு எஸ்41 தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஜாக்கிரதை. இந்த முறையில் இந்தப் பிரிவுகளுக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் சம்பள உயர்வு. பொதுச்சேவையில் குறைந்தபட்ச மாத வருமானம் 2,000 ரிங்கிட். தனியார் துறைக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது.

படி ஏறுவதுதான் சிரமம். பணியாளராகச் சேர்ந்து, வேலை கற்றுக்கொண்டு, பத்து வருடத்தில் நூலகர் ஆகிவிடலாம் என்று நினைத்தால் அது அவ்வளவு எளிதில்லை. ஒவ்வொரு படிக்கும் தனிக் கல்வித் தகுதி கேட்கிறார்கள். அனுபவம் மட்டும் அந்த இடத்தை நிரப்பிவிடாது. எஸ்பிஎம் தகுதியில் சேர்ந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பட்டம் வாங்காமல் மேல்படிக்கு வருவது சிரமம்.

எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகலை வரை போய்விட்டு இந்த ஒரு பாடத்தில் மாட்டிக்கொள்வது கொடுமை.

பட்டம் எங்கே படிப்பது?

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம், ஏன்னா பலருக்கு எஸ்டிபிஎம் முடித்து யூபியூ பாரம் நிரப்பும்போதுதான் இது தெரிய வருகிறது.

நாட்டில் நூலகவியல் கல்வியின் தாய்வீடு யுஐடிஎம். அது ஐடிஎம் ஆக இருந்த காலத்தில், 1968இல் நூலக அறிவியல் பள்ளி தொடங்கியது. ஆரம்பத்தில் மாணவர்கள் எழுதியது பிரிட்டிஷ் நூலகச் சங்கத்தின் தேர்வை. பிறகுதான் சொந்தச் சான்றிதழ் வந்தது. டிப்ளோமாவில் இருந்து முனைவர் பட்டம் வரை இந்தத் துறையின் நீண்ட ஏணி அங்கேதான் இருக்கிறது. ஆனால் யுஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். 2024இல் இருதய அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு மட்டும் மற்ற இனத்தவரைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது எவ்வளவு பெரிய சர்ச்சை ஆனது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆக, ஒரு தமிழ் மாணவருக்கு இளங்கலை நிலையிலேயே வாசல் ரொம்பக் குறுகலாகிவிடுகிறது. ‘நம்ம பிள்ளைகளுக்கு நூலகத்தில் ஆர்வமே இல்லை’ என்று மேடையில் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மற்ற வழி முதுகலை. மலாயாப் பல்கலைக்கழகம் 1987இல் நூலக, தகவல் அறிவியல் முதுகலையைத் தொடங்கியது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் பின்னர் ஒன்றைத் தொடங்கியது. இவற்றுக்கு வேறு துறையில் இளங்கலை முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தமிழோ வரலாறோ கணினியோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் மூன்று நான்கு வருடம் ஒரு பட்டம், அதற்கு மேல் முதுகலைக் கட்டணம், அதன் பிறகும் போய் உட்காருவது இளங்கலை முடித்தவர் உட்காரும் அதே முதல் படியில்தான். பிடிபிடிஎன் கடன் ஏற்கனவே இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

வெளிநாட்டுப் படிப்பு? தமிழ்நாட்டில் எந்தப் பட்டத்துக்கும் மேல் ஓராண்டில் நூலக அறிவியல் இளங்கலை வாங்கலாம், தொலைநிலைக் கல்வியிலும் உண்டு, கட்டணமும் குறைவு. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு படிப்பு அதன் சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்றது என்பது வேறு, நம் ஜேபிஏ அதை அரசு வேலைக்கு ஏற்பது வேறு. உள்ளூர்ப் படிப்பு என்றால் எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஜேபிஏவின் அங்கீகாரத் தேடலில் பல்கலைக்கழகம், படிப்பின் சரியான பெயர், படிக்கும் முறை மூன்றையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள். ‘மலேசியாவில் செல்லும்’ என்று ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் சொல்வது பதில் ஆகாது.

வேலை கிடைத்தவர்கள் ஏன் சலித்துக்கொள்கிறார்கள்?

முதல் காரணம் பதவி உயர்வு. ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் குறிப்பிட்ட காலம் நன்றாகப் பணியாற்றினால் உயர்வு தரும் முறை உண்டு. நூலகருக்கு மேலே இடம் காலியாக வேண்டும். ஒரு மாநில நூலகக் கழகத்தில் மேல் நாற்காலிகள் எத்தனை இருக்கும், யோசித்துப் பாருங்க. முன்னால் இருப்பவர் ஓய்வு பெறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

இரண்டாவது ஒப்பந்தம். 2021இல் வந்த மைஸ்டெப் மாதிரியான குறுகிய கால வேலைகள் வழியாகப் பல பட்டதாரிகள் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். அனுபவம் கிடைக்கும், உண்மை. ஆனால் அது நிரந்தர வேலைக்கான வரிசை இல்லை.

மூன்றாவது, வெளியே தெரியாத வேலை. ஒரு புத்தகத்துக்குச் சரியான பொருள் தலைப்பு கொடுப்பதற்கு அதைப் புரட்டிப் படிக்க வேண்டும், ஆசிரியரின் பெயர் இதற்கு முன் எப்படிப் பதிவானது என்று தேட வேண்டும். வாசகர் பார்ப்பது முத்திரை குத்தும் கையை மட்டும். ‘ஏசியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற வேலைதானே’ என்ற பேச்சைக் கேட்காத நூலகர் இருக்க மாட்டார்.

இந்தச் சலிப்பு புதிதில்லை. நூலகவியலில் உலகமே மதிக்கும் பெயர் ஒரு தமிழருடையது: சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனபோது நூலகத் தகுதி எதுவும் கையில் இல்லை. கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய், பழைய கணித வேலையையே கொடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் திரும்பிப் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே நூலகங்களைப் பார்த்த பிறகு மனிதர் மாறிவிட்டார். 1931இல் ஐந்து விதிகள், 1933இல் கோலன் பகுப்பு முறை என்று அவர் செய்ததை நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்னால் நின்றார். அடுத்த ஆண்டே நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கியது, பின்பு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. 1948இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவர் உழைப்பு இருக்கிறது. தனக்குக் கிடைத்த பயிற்சியை அடுத்தவருக்கான தகுதியாக மாற்ற அவருக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

பேராவில் நிலைமை என்ன?

வேலை இடங்களைப் பார்த்தால் பேரா மோசமில்லை. ஈப்போவில் துன் ரசாக் நூலகம், மாநிலப் பொது நூலகக் கழகம், உங்கு ஓமார் போலிடெக்னிக், ஊலு கிந்தாவில் ஆசிரியர் பயிற்சிக் கழகம். தஞ்சோங் மாலிமில் உப்சியின் துவாங்கு பைனுன் நூலகம். கம்பாரில் யூடார். ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் யுஐடிஎம்மும், தாப்பாவில் இன்னொரு யுஐடிஎம் வளாகம். இவற்றில் பல சட்டபூர்வ அமைப்புகள் அல்லது தனியார் நிறுவனங்கள். சொந்தத் தளத்தில் சொந்தமாக ஆள் எடுக்கும். எஸ்பிஏவில் மட்டும் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால் இந்த விளம்பரங்கள் கண்ணிலேயே படாது.

தோட்டத்துப் பக்கம் போனால் கதை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்தவைதான் பல தோட்டப் பள்ளிகள். சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்குச் சாலையும் மண்டபமும் வந்தன, பின்னர் கிராம நூலகமும் வந்தது. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டு வசதிகள் பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. அதனால் சுங்கை சிப்பூட், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு நூலகம் என்றால் பள்ளியில் இருந்த அந்த ஓர் அலமாரிதான்.

இன்று பேராவில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்குப் போய், பள்ளிகளும் சில இடங்களில் பின்தொடர்ந்து போய்விட்டன. பெயரில் ‘லாடாங்’ இருக்கும், சுற்றிலும் வரிசை வீடுகள் இருக்கும். இந்தப் பள்ளிகளின் வள மையங்களைப் பார்ப்பது கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்ன ஆசிரியர்தான். பொறுப்பின் பெயர் நூலக ஊடக ஆசிரியர். குறுகிய காலப் பயிற்சி உண்டு. ஆனால் அவருடைய பணித் திட்டம் ஆசிரியருடையது, பதவி உயர்வும் ஆசிரியராகத்தான். ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் மட்டுமே உள்ள பள்ளியில் நூலகம் அவருடைய நான்காவது ஐந்தாவது பொறுப்பாகிவிடுகிறது. அவர் மாற்றலாகிப் போனால் எந்தப் புத்தகம் எங்கே என்ற கணக்கும் அவரோடு போய்விடும்.

தமிழ் தெரிந்த நூலகர் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. பெரிய நூலகம் ஒன்றின் இணையப் பட்டியலில் தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடுங்கள். நாம் கைப்பேசியில் ரோமன் எழுத்தில் அடிக்கும்போது ‘ழ’வுக்கு ‘இசட் எச்’ போடுவோம். அனைத்துலக நூலக விதிப்படி அதற்கு அடியில் கோடு போட்ட ‘எல்’. ‘தோட்டம்’ என்பதை நாம் ‘டி எச்’ என்று ஆரம்பிப்போம், பட்டியலில் வெறும் ‘டி’. இந்த விதி தெரியாத வாசகருக்குப் புத்தகம் இல்லை என்று பதில் வரும். புத்தகம் அலமாரியில்தான் இருக்கும்! தமிழ் எழுத்திலேயே தலைப்பைச் சேர்க்க இன்றைய பட்டியல் முறையில் தனி இடம் இருக்கிறது. அதை நிரப்ப, தமிழும் தெரிந்த பட்டியல் விதியும் தெரிந்த ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட வேலை இங்கே நடந்தும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலை வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்தவர் இராம சுப்பையா. நம் பழைய பத்திரிகைகளைத் தேடும் ஆய்வாளர்களுக்கு அது இன்றும் கைவிளக்கு.

அதற்குப் பிறகு வெளியானவை எவ்வளவு! பள்ளி நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், மூடப்பட்ட தோட்டத்தின் முன்னாள் மாணவர் சந்திப்பு மலர். தோட்டத்துக் கிராணி யார், பள்ளி எந்த வருடம் இடம் மாறியது என்பது மாதிரியான தகவல்கள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கின்றன. பொருள் தலைப்பு கொடுத்துப் பதிவு செய்ய ஆள் இல்லையென்றால், இவை நூலகத்துக்கு வந்தாலும் ‘தமிழ், பல்வகை’ என்ற பெட்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது

இன்னும் பள்ளியில் இருந்தால் மலாய் மொழி கிரெடிட்டை விடாதீர்கள். வேறு துறையில் பட்டம் படித்துக்கொண்டிருந்தால், முதுகலைக்குப் பணம் கட்டும் முன் விடுமுறையில் ஒரு நூலகத்தில் சில வாரம் வேலை செய்து பாருங்கள். முகப்பில் மட்டும் நிற்காமல் பட்டியலிடும் பிரிவிலும் உட்கார விடுங்கள் என்று கேளுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும். முதுகலையில் சேர நினைத்தால், இந்த ஆண்டு சேர்க்கை உண்டா, பகுதி நேரமாகப் படிக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

ஏற்கனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் செய்த வேலையை எண்ணோடு எழுதி வையுங்கள்: எத்தனை தமிழ்ப் பதிவு, எந்த மென்பொருள், எந்த விதி. நேர்காணலில் ‘நூலகத்தில் இருந்தேன்’ என்பதைவிட ‘இத்தனை தமிழ் நூல்களுக்குப் பதிவு உருவாக்கினேன்’ என்பது எடுபடும். இதே திறமையை ஆவணக் காப்பகமும் பெரிய நிறுவனங்களின் பதிவேட்டுப் பிரிவும் தேடுகின்றன. நூலகக் கதவு திறக்கும் வரை அங்கே போய் நிற்பதில் தவறில்லை.

இந்த வேலைக்கே வராதவர்களுக்கும் ஒன்று உண்டு. உங்க பள்ளியோ கோயிலோ மலர் வெளியிட்டால், 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலில் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது மலரில் என்ன இருக்கிறது, எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று மலாயில் ஒரு பக்கம் எழுதி உள்ளே வையுங்கள். அதைப் பிரிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.